பெயரிடாத நோய்க்கு நான்கு மருந்து: ஒரு கூட்டுக் களிம்பின் வரலாறு

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். தில்லியில் முதுகலை மொழியியல் படித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்து விடுதி அறை, கொடியில் காயாத துணி, வேறு வழியின்றி ஈரத்தோடு அணிந்துகொண்ட கால்சட்டை. தொடையிடுக்கில் அரிப்புத் தொடங்கியது. பக்கத்து மருந்துக்கடைக்குச் சென்று கூச்சத்தோடு, "அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு ட்யூபை எடுத்து வைத்தார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பு அடங்கியது. சில வாரங்களில் என் அறைத்தோழனுக்கும் அதே அரிப்பு வந்தது. மீதமிருந்த ட்யூபை அவனிடம் கொடுத்தவன் நான்தான்.

டிசம்பருக்குள் அவனுடைய இடுப்பைச் சுற்றி வளையத்துக்குள் வளையமாகப் படை பரவியிருந்தது. தொடையின் உட்புறத்தில் தோல் மெலிந்து செந்நிற வரிகள் விழுந்திருந்தன. அவனை அழைத்துக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்குச் சென்றேன். மருத்துவர் ட்யூபைத் திருப்பி அதிலிருந்த பெயர்களைப் படித்தார்: குளோபெட்டசால், ஒஃப்ளாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த நோய்க்கு என்ன பெயர் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?"

யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மருந்தின் பெயர்கள் நான்கு இருந்தன. நோயின் பெயர் ஒன்றுகூட இல்லை.

என் முனைவர் பட்ட ஆய்வுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஓய்வு நேரங்களில் இந்தக் களிம்புகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தவற்றிலிருந்து எனக்குப் புலப்பட்டதை ஒரு வரியில் சொல்வதானால்: கூட்டுக் களிம்பு என்பது மருத்துவரின் ஐயத்துக்குத் துணையாகப் பிறந்த மருந்து, இந்தியாவில் அது மருத்துவரின் இடத்தையே எடுத்துக்கொண்டது.

*

இந்த வரலாறு மூட்டுவலியில் தொடங்குகிறது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச்சும் அவருடைய சகாக்களும், முடக்குவாதத்தால் அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஒரு புதிய பொருளை ஊசிவழிச் செலுத்தினர். சில நாட்களில் அவர் எழுந்து நடமாடினார். அந்தப் பொருள் பின்னர் கார்ட்டிசோன் எனப் பெயர்பெற்றது. 1950இல் ஹென்ச், எட்வர்ட் கெண்டால், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இத்தகைய பொருளைத் தோலில் பூசினால் என்ன என்ற எண்ணம் உடனே எழுந்தது. ஆனால் கார்ட்டிசோனைப் பூசியபோது பலன் கிட்டவில்லை. அது உடலுக்குள், பெரும்பாலும் கல்லீரலில், ஹைட்ரோகார்ட்டிசோனாக மாறினால்தான் வேலை செய்யும். 1952இல் நியூயார்க்கின் மரியன் சுல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனையே களிம்பாக்கிப் பூசி, அழற்சி தணிவதைக் காட்டினர். அதற்கு முன்பு கரப்பான் நோயாளிக்குக் கிடைத்தவை கரித்தார், துத்தநாகக் களிம்பு, ஈரத்துணிக் கட்டு, பொறுமை ஆகியவையே. இரவெல்லாம் சொறிந்து விழித்திருந்த குழந்தைகள் தூங்கத் தொடங்கிய காலம் அது. ஸ்டீராய்டுக் களிம்பின் தீமையைப் பேசுவோர் இந்த நன்மையை மறக்கக் கூடாது.

அடுத்த கேள்வி இயல்பாகவே வந்தது. கரப்பான் புண்ணில் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா குடியிருக்கும். சீழும் பொருக்கும் தோன்றினால், கண்ணெதிரே இருப்பது அழற்சியா, தொற்றா, இரண்டுமா என்று பார்வையால் மட்டும் பிரித்தறிவது எளிதன்று. ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கும். கூடவே உடலின் எதிர்ப்பையும் தணிக்கும். எனவே தொற்று பெருகிவிடுமோ என்ற அச்சம் எழுவது நியாயமே. செல்மன் வாக்ஸ்மனும் ஹூபர்ட் லெஷவாலியேயும் 1949இல் அறிவித்த நியோமைசின் கைவசம் இருந்தது. 1950களிலேயே ஹைட்ரோகார்ட்டிசோனும் நியோமைசினும் ஒரே ட்யூபில் சேர்ந்தன. 1960களில் ஜென்டமைசின் வந்தது; பீட்டாமெத்தசோன் வாலரேட் போன்ற வலுமிக்க ஸ்டீராய்டுகளும் வந்தன. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அழற்சிக்கு ஒன்று எனக் கூட்டு நீண்டது. நான்கு என்னும் பொருளுள்ள இலத்தீன் முன்னொட்டையே வணிகப் பெயரில் தாங்கிய களிம்பும் சந்தைக்கு வந்தது. நோயை எண்ணிய காலம் போய், மருந்தை எண்ணும் காலம் பிறந்தது.

இங்கே ஒரு சிறு செய்தியைக் குறிப்பிட வேண்டும். 1962இல் மெக்கென்சி, ஸ்டௌட்டன் ஆகிய இருவர், பூச்சு ஸ்டீராய்டின் வலுவை அளக்க ஒரு முறையை வெளியிட்டனர். மருந்தை முன்கையில் தடவி மூடிவைத்து, பிறகு தோல் எந்த அளவுக்கு வெளிறியிருக்கிறது எனப் பார்ப்பதே அம்முறை. ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தோல் வெளிறும்; அதிகம் வெளிறினால் மருந்து அதிக வலுவுடையது. இன்றுவரை இந்த அளவுகோல் பயன்பாட்டில் உள்ளது. ஆய்வுக்கூடத்தில் வலுவின் அடையாளமாக இருந்த அந்த வெளிறல், நிறத்தை விலை பேசும் நம் சமூகத்தில் வேறு பொருள் கொண்டது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

*

எச்சரிக்கை தாமதமாக வரவில்லை. 1968இல் ஐவ், மார்க்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் ஒரு கட்டுரை எழுதினர். படர்தாமரையின் மேல் ஸ்டீராய்டைப் பூசினால், ஓரத்தில் தெளிவான வளையமும் நடுவில் தெளிந்த தோலும் கொண்ட அதன் வழக்கமான உருவம் கலைந்துவிடுகிறது. அரிப்பும் சிவப்பும் குறைகின்றன. பூஞ்சையோ தடையின்றிப் பரவுகிறது. இந்நிலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'டினியா இன்காக்னிட்டோ'. மாறுவேடத்தில் திரியும் படை எனலாம். டினியா என்பது இலத்தீனில் பெண்பாற்சொல்; ஆகவே இன்காக்னிட்டா என்பதே இலக்கண வழக்கு எனப் பிற்காலத் தோல்நோய் மருத்துவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். பால்விகுதியைத் திருத்தலாம், வேடத்தைக் கலைப்பது அத்தனை எளிதாக இல்லை.

இதன் செயல்முறை எளியது. சிவப்பு, வீக்கம், அரிப்பு ஆகியவை பூஞ்சையின் வேலை என்று நாம் நினைக்கிறோம். அவற்றுள் பெரும்பகுதி பூஞ்சையை எதிர்க்கும் நம் உடலின் வேலை. ஸ்டீராய்டு போரை நிறுத்துகிறது, பகைவனை வெளியேற்றுவதில்லை. 'அதே ட்யூபில் பூஞ்சைக்கொல்லியும் இருக்கிறதே' என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இரண்டின் கடிகாரமும் வேறு. ஸ்டீராய்டு இரண்டு நாளில் அரிப்பை நிறுத்தும். பூஞ்சைக்கொல்லி தன் வேலையை முடிக்க வாரங்கள் ஆகும். அரிப்பு நின்றதும் நோயாளி பூசுவதை நிறுத்துகிறார், பூஞ்சை எஞ்சுகிறது, அரிப்பு திரும்புகிறது, மீண்டும் ட்யூப். வாரக்கணக்கில் தொடர்ந்து பூசினாலோ, குளோபெட்டசால் போன்ற மிகுவலு ஸ்டீராய்டு தொடையிடுக்கின் மெல்லிய தோலைக் கிழித்த தாள்போல் ஆக்கிவிடும். நிறுத்தினாலும் கேடு, தொடர்ந்தாலும் கேடு என்ற நிலை அந்தக் கூட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. என் அறைத்தோழனின் இடுப்பில் நான் கண்டது இதைத்தான்.

நியோமைசினுக்கும் தனிக்கதை உண்டு. அதைப் பூசுவதால் ஒவ்வாமை வருவது மிகப் பரவலாக அறியப்பட்டது. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2010ஆம் ஆண்டின் ஒவ்வாப்பொருளாக அதனை அறிவித்தது. ஸ்டீராய்டோடு சேர்ந்திருக்கும்போது அந்த ஒவ்வாமையும் மறைந்துகொள்ளும். மருந்தே நோயை உண்டாக்க, அதே ட்யூபின் மற்றொரு மருந்து அதை மூடிவைக்கும்.

இந்த வரலாற்றில் ஒரு மனிதர் பல முகங்களோடு தோன்றுகிறார்: பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். 1975இல் நிறத்திட்டுகளை நீக்க ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றின் கூட்டை அவரும் வில்லிஸும் முன்வைத்தனர். 1977இல் ஜேம்ஸ் லைடனுடன் சேர்ந்து, ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்புக்கு ஆதரவாக வாதிட்டார். 1979இல் பீட்டர் ஃப்ராஷுடன் சேர்ந்து, பூச்சு ஸ்டீராய்டுக்குத் தோல் அடிமையாகும் நிலையைக் குறித்து எழுதியவரும் அவரே. 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் அவர் நடத்திய சோதனைகள் மருத்துவ அறத்தின் வரலாற்றில் கறையாக நிற்கின்றன. கூட்டை ஆதரித்த அறிவும் அதன் ஆபத்தைக் கண்ட அறிவும் ஒரே மனிதரிடம் இருந்தன. எனவே, எழுபதுகளின் முடிவில் அறிவியலுக்கு இது தெரியாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

*

இனி இந்தியா. 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டமும் 1945ஆம் ஆண்டு விதிகளும் நம் மருந்துச் சந்தையை ஆள்கின்றன. மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கவேண்டிய மருந்துகள் அட்டவணை 'எச்'சில் உள்ளன. ஆனால் அந்த நீண்ட பட்டியலின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. மேற்கண்ட பொருள்களைக் கொண்ட தயாரிப்புகளும் இதில் அடங்கும், மேற்பூச்சாகப் பயன்படுத்துபவை நீங்கலாக என்பது அதன் சாரம். 'நீங்கலாக' என்ற ஒரு சொல்லின் வழியே வலுமிக்க ஸ்டீராய்டுக் களிம்புகள் கடை மேசைக்கு வந்து சேர்ந்தன. மாத்திரையாக இருந்தால் கட்டுப்பாடு. களிம்பாக இருந்தால் தாராளம். தோல் என்பது உடலின் வெளியே இருக்கும் ஏதோ ஒன்று என்ற எண்ணம் சட்டத்தின் இலக்கணத்திலேயே உறைந்திருந்தது.

கூட்டு மருந்துகளுக்கு இன்னொரு வாசலும் இருந்தது. இரண்டு பழைய மருந்துகளைப் புதிதாகச் சேர்த்தால் அதைப் புதிய மருந்தாகவே கருதி, மத்திய கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்பது விதி. நடைமுறையில் மாநில உரிம அதிகாரிகள் பலர், மத்திய ஒப்புதல் இல்லாமலேயே உற்பத்தி உரிமம் வழங்கினர். 2012 மே மாதம் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழுவின் 59ஆம் அறிக்கை இதை வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது.

2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த களிம்புகள் பல அப்பட்டியலில் இருந்தன. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. உரிய ஆலோசனைக் குழுவைக் கலந்துகொள்ளவில்லை என்று கூறி, தில்லி உயர்நீதிமன்றம் 2016 டிசம்பரில் தடையை நீக்கியது. 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை ஒதுக்கி, மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் அவற்றை ஆராயவேண்டும் என்றது. 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் மீண்டும் தடைசெய்யப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில், 14 ஸ்டீராய்டுகளின் மேற்பூச்சுத் தயாரிப்புகள் அட்டவணை 'எச்'சின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. இந்தியத் தோல்நோய் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் விடாது வலியுறுத்தியதன் பயன் அது.

இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்றை உணர்ந்தேன். 2016 டிசம்பருக்கும் 2017 டிசம்பருக்கும் நடுவில் ஓராண்டு இடைவெளி. நான் அந்த ட்யூபை வாங்கிய ஆகஸ்டு மாதம் அந்த இடைவெளிக்குள் விழுகிறது. வரலாறு நமக்கு வெளியே எங்கோ நடப்பதாக நினைக்கிறோம். சில சமயம் அது நம் தொடையிடுக்கிலும் நடக்கிறது.

*

சட்டத்தை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. 2011இல் இந்தியத் தோல்நோய் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, நாட்டின் 12 மையங்களில் முகத்தோல் நோய்களுக்காக வந்த 2926 பேரை ஆராய்ந்தது. அவர்களுள் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தனர். அந்த 433 பேரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பூசியது கூட்டுக் களிம்பு. 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் பக்கவிளைவுகள் காணப்பட்டன. ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் அதை நிறம் கூட்டும் பூச்சாகவோ பொதுப்பூச்சாகவோ சவரத்துக்குப் பிந்தைய பூச்சாகவோ பயன்படுத்தினர். மெக்கென்சியின் வெளிறல் அளவுகோல் கண்ணாடி முன் வந்து நின்ற இடம் இது. முதலில் முகம் வெளுக்கும். பின்னர்ச் சிவக்கும், பரு வெடிக்கும், எரியும். பூச்சை நிறுத்தினால் எரிச்சல் கூடும். இந்நிலைக்கு 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்ற பொருள்படும் பெயரை இந்திய மருத்துவர்கள் உருவாக்கி வழங்கினர். உலகத் தோல் மருத்துவத்துக்கு நாம் அளித்த கலைச்சொல் அது என்பதில் பெருமைப்பட ஏதுமில்லை.

அந்த ஆய்வில் என்னை நிறுத்திய எண் மற்றொன்று. ஏறத்தாழ 59 விழுக்காட்டினருக்குக் களிம்பைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். கடைக்காரர், அண்டை வீட்டார், உறவினர், நண்பர். அந்த வரிசையில் நானும் ஒருவன். முதுகலைப் படிப்பும் நூலக அட்டையும் என்னை அதிலிருந்து விலக்கவில்லை. போலி மருத்துவரைப் பற்றிப் பேசும்போது நம் கண்முன் ஒரு கிராமத்துக் கூரைக் கடை தோன்றுகிறது. நல்லெண்ணத்தோடு ட்யூபை நீட்டும் விடுதித் தோழன் தோன்றுவதில்லை.

சரி, இக்களிம்பு எதற்காகப் பிறந்ததோ அங்கேயாவது அது தன்னை நிரூபித்ததா? தொற்று கண்ட கரப்பானுக்கு, மருத்துவர் பார்த்து, சிறிய இடத்தில், குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பைத் தருவது இன்றும் உண்டு. ஆயின் சான்றுகள் எதிர்பார்த்த அளவுக்கு வலுவாக இல்லை. பிரிட்டனில் 113 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்டீராய்டோடு வாய்வழி ஆன்டிபயாடிக்கோ பூச்சு ஆன்டிபயாடிக்கோ சேர்த்ததால், மிதமான தொற்றுள்ள கரப்பானில் குறிப்பிடத்தக்க கூடுதல் நன்மை இல்லை எனக் கண்டது. 2021இல் அந்நாட்டின் நைஸ் அமைப்பும், காய்ச்சல் முதலிய உடல்நலக் குறைவு இல்லாதவர்களுக்கு ஆன்டிபயாடிக்கை வழக்கமாகத் தரவேண்டாம் என்று வழிகாட்டியது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. அழற்சி தணிந்து தோலின் தடுப்புச்சுவர் சீரடைந்தாலே பாக்டீரியா பெருமளவு குறைந்துவிடுகிறது. சரியான நோயில், சரியான அளவில், ஸ்டீராய்டு தனியாகவே அந்த வேலையைச் செய்கிறது. தவறான நோயிலோ, நான்கு மருந்து சேர்ந்தாலும் செய்ய முடிவதில்லை.

கடைசியாக ஒரு பெயர். கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக, வழக்கமான மருந்துக்கு மசியாத படர்தாமரை இந்தியா முழுதும் பரவியிருக்கிறது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான பூஞ்சையைத் தனி இனமாகப் பிரித்து 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' எனப் பெயரிட்டனர். டெர்பினஃபைன் தாக்கவேண்டிய நொதியிலேயே மரபுத் திரிபு ஏற்பட்டிருப்பதால், அதன் வகைகள் பலவற்றில் அம்மருந்து பலிப்பதில்லை. 2023இல் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டதாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. வெப்பம், ஈரம், இறுக்கமான ஆடை, நெரிசலான வாழ்விடம் எனக் காரணங்கள் பல. ஆனால் கூட்டுக் களிம்புகளின் கட்டற்ற பயன்பாடும் அவற்றுள் முக்கியமானது என்பதைத் தோல்நோய் மருத்துவர்கள் தொடர்ந்து வலியுறுத்துகின்றனர். நாம் பெயரிட மறுத்த நோய்க்கு, உலகம் நம் நாட்டின் பெயரையே வைத்துவிட்டது.

*

தமிழில் கரப்பான், சொறி, சிரங்கு, படர்தாமரை, தேமல், சேற்றுப்புண் எனத் தோல்நோய்ச் சொற்கள் பல உண்டு. அவை இன்றைய மருத்துவ வகைப்பாட்டோடு ஒன்றுக்கொன்று பொருந்துவன அல்ல. பழஞ்சொல்லில் எல்லாம் இருந்தது என்று நான் வாதிடவும் இல்லை. ஆனால் இச்சொற்களைப் புழங்கியவர்கள், 'இது அது அன்று' என்று பார்த்துச் சொன்னார்கள். வேறுபடுத்துவதே அறிதலின் தொடக்கம். மொழியியலில் முதல் வகுப்பில் படித்த பாடம் அது. கூட்டுக் களிம்பு அந்த வேறுபடுத்தலைத் தேவையற்றதாக்கியது. 'அரிப்பு' என்ற ஒரே சொல்லில் அனைத்தையும் கரைத்தது.

அறைத்தோழனுக்கு முழுதும் குணமாக எட்டு மாதங்கள் ஆயின. செந்நிற வரிகள் மட்டும் நிறம் மங்கி அங்கேயே நின்றுவிட்டன; அவை மறைவதில்லை என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அவன் என்னைக் குறைசொன்னதே இல்லை. "நீ நல்லதுக்குத்தானே கொடுத்தாய்" என்றான். அந்த வாக்கியத்தை என்னால் இன்றும் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

விடுதிகளில் இருக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலமாரியில் ஒரு ட்யூப் இருந்தால், அதிலுள்ள பெயர்களை ஒருமுறை படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எதுவேனும் இருந்தால், அது யாருக்காக, எந்த நோய்க்காக எழுதிக்கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். நெடுநாள் பூசியவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல், தோல்நோய் மருத்துவரைப் பார்த்து அவர் சொல்லும் முறையில் நிறுத்துவது நல்லது. மருத்துவர் தக்க நோய்க்கு எழுதித்தந்த ஸ்டீராய்டுக் களிம்பைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். இது மருத்துவ ஆலோசனை அன்று. ஒரு ட்யூபைக் கைமாற்றிய ஒருவன் காலம் தாழ்த்திப் படித்த வரலாறு.